கொக்குக்கல்லின் உச்சிப் புத்தகம்

பாட் ஷான்டாவ்,
ஜெர்மனி
17 மார்ச் 2019

என் அன்புக் குருவி கெசீனாவுக்கு,

எல்பே ஆற்றின் மீதும், அதில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பயணிகள் படகு ஓட்டிய என் இரண்டு கைகளின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் வரிசையில் நீதான் முதலில் நிற்பாய். பரவாயில்லை. படித்துவிட்டு நம்பாதே.

உன் அப்பா சீக்மார், என் அண்ணன், போய் ஆறு வாரம் ஆகிறது. நீ வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பாய். அடக்கத்துக்கு நாலாயிரம் பேர். ஊரில் இருப்பதே மூவாயிரத்துச் சொச்சம்தானே என்று கேட்காதே. மிச்சப் பேர் ஆற்றிலிருந்து கரையேறி வந்தார்கள். அவனுடைய மலையேறும் கிளப், அந்தக் 'காய்ந்த தவளைகள்' பதினோரு பேரும் சேர்ந்து பாடியபோது எல்பே ஐந்து நிமிடம் ஓடாமல் நின்றது. எதிர்க்கரையில் ஒரு பசு மண்டியிட்டது.

இது கதை இல்லை. கதை இனிமேல்தான்.

பிர்னா ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் உன் அப்பன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தான். என் சட்டையைப் பிடித்து, "டேய் லோதார், என் பொண்ணுகிட்ட சொல்லு. கொக்குக்கல் மேல இருக்கிற புத்தகத்தைப் பாக்கச் சொல்லு" என்றான். மூன்று நர்சுகள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே இந்த அறுபத்தொரு வயதுக் கால்களால் கொக்குக்கல் பாறை மீது ஏறினேன். உச்சியில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஏறியவர்கள் பெயர் எழுதி வைக்கும் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்த ஒவ்வொரு பிறந்தநாளிலும், ஏழு வருடமும், உன் அப்பன் அங்கே ஏறி, உன் பெயரைப் போட்டு, சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'என்னை மன்னித்துவிடு மகளே' என்று எழுதி வைத்திருக்கிறான்.

வா, குருவி. வந்து பார்.

எல்பே நதியின் ஓய்வுபெற்ற பேரரசன்,
உன் லோதார் சித்தப்பா

*

நாக்ஸ்கோவ், டென்மார்க்
29 மார்ச் 2019

லோதார் சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று இடங்களில் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாலாவது இடத்தில் கடிதத்தை மடக்கி, இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன்.

நீங்கள் கொக்குக்கல் மேல் ஏறவில்லை. படகின் மேல்தளத்துக்குப் போனாலே உங்களுக்குத் தலை சுற்றும். என் பத்தாவது வயதில், ஓடு மாற்ற ஏணியில் ஏறி நாலாவது படியில் நின்றுகொண்டு தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடச் சொன்னீர்கள். பிப்ரவரி மாதம் ஒருவரும் கொக்குக்கல் ஏறுவதில்லை. அப்பா சிவப்பு மையில் எழுதுகிறவர் இல்லை. பென்சில்தான், அதையும் சீவிச் சீவி ஊசிபோல வைத்திருப்பார். 'மன்னித்துவிடு' என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2011, செப்டம்பர் 21. என் இருபத்து மூன்றாவது பிறந்தநாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா முன்னால் ஏறுவார், நான் பின்னால். அந்த வருடம்தான் முதல் தடவையாக நான் முன்னால் ஏறினேன், அதுவும் தெற்கு முகத்தில். அவர் கீழே கயிறு பிடித்தார். உச்சியில் நான்தான் முதலில் எழுதினேன்: பெயர், வழி, 'இடையில் கயிற்றில் ஓய்வெடுக்காமல்'. பின்னாலேயே அவர் ஏறி வந்தார். படித்தார். பென்சிலை எடுத்து என் வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அடியில் 'உண்மையல்ல' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கிளப் முழுக்க வேறு வழியில் ஏறி வந்து, உச்சியில் நெருக்கியடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மார்லீஸ் அக்கா கேக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருவரும் அதைப் பிரிக்கவில்லை.

என்னைப் பற்றி என் அப்பா எழுதிய கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு ஒரு கடிதம் கிடையாது, ஒரு போன் கிடையாது. நானும் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் கோடு போட்டது நான் இல்லை.

இந்தத் தீவில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மேடு கிடையாது. அதற்காகத்தான் இங்கே வந்தேன். காற்றாலைகளின் இறக்கைகளில் கயிறு கட்டித் தொங்கி விரிசல் பார்க்கிறேன். அங்கே உச்சியில் புத்தகம் எதுவும் இல்லை.

எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லுங்கள் சித்தப்பா. பசு மண்டியிடட்டும். அப்பாவைப் பற்றி மட்டும் வேண்டாம்.

கெசீனா

*

பாட் ஷான்டாவ்,
14 ஏப்ரல் 2019

இரக்கமில்லாத குருவிக்கு,

ஏணி விஷயம் ஒரு குடும்ப ரகசியம். அதைத் தபால் அட்டையில் எழுதாமல் உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பியதற்கு நன்றி. அது ஆறாவது படி என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

நான் ஏறவில்லை என்று சொன்னாய் அல்லவா? இனி ஏறுவேன். ஏறி, என் கண்ணால் படித்துவிட்டு எழுதுகிறேன். நேற்று மாலை ஐந்து மணிக்கு உன் சித்தப்பன் 'காய்ந்த தவளைகள்' கிளப்பில் முறைப்படி சேர்ந்தான். பேக்கரி மார்லீஸ்தான் இப்போது தலைவி. நான் விஷயத்தைச் சொன்னதும், மாவுக் கையோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோவ் லோதார், ஒன் எடை என்ன?"

"தொண்ணூறு. எலும்பு கனம்."

"ஒரு கையால தொங்குவியா?"

"தொங்கியிருக்கேன். கல்யாண வாழ்க்கையில."

"பாறையில கேட்டேன்யா."

கொக்குக்கல் புத்தகத்தில் சீக்மார் என்ன எழுதியிருக்கிறான் என்று அவளிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் முகம் அடுப்புக் கதவு மாதிரி மூடிக்கொண்டது. "மேல எழுதினத நாங்க கீழ பேசுறதில்ல. படிக்கணும்னா ஏறு." இது இவர்கள் கிளப்பின் முதல் விதியாம். இரண்டாவது விதி, ஈரப் பாறையில் கை வைக்கக்கூடாது. மூன்றாவது, இந்த மணற்கல்லில் இரும்புச் சாமான் எதையும் செருகக்கூடாது. கயிற்று வளையத்தில் முடிச்சுப் போட்டு அந்த முடிச்சைத்தான் விரிசலில் திணிக்க வேண்டும். நாலாவது, கை வழுக்காமல் இருக்க வெள்ளைப் பொடி தடவக்கூடாது. ஐந்தாவது விதியாக மூச்சு விடக்கூடாது என்று ஒன்று இருக்கும், பயந்துபோய் நான் கேட்கவில்லை.

பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் நாள் நானூறு தடவை உடம்பைத் தூக்கினேன். படகுத்துறைக் கம்பி வளைந்து போனது, நகராட்சி வந்து பார்த்தது. பாறையேறும் ஷூ வாங்கினேன். கடைக்காரி, "இறுக்கமா இருக்கணும்" என்றாள்; நான் இரண்டு அளவு சின்னதாக எடுத்தேன், வீரம் என்று நினைத்து. இப்போது என் கால்விரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

கயிற்றுக்கு மட்டும் செலவே இல்லை. படகுக் கொட்டகையில் நம் பழைய கயிறு கிடக்கிறது. தொண்ணூற்றாறு பேரோடு படகைக் கரையில் இழுத்துக் கட்டிய கயிறு! என்னைத் தாங்காதா?

வீரத்தோடு,
லோதார் சித்தப்பா

*

நாக்ஸ்கோவ்
23 ஏப்ரல் 2019

சித்தப்பா,

அந்தப் படகுக் கயிற்றைத் தொடாதீர்கள். தயவுசெய்து.

எடையைத் தாங்குவது வேறு, விழுகிறவரைத் தாங்குவது வேறு. படகுக் கயிறு நீளாது. நீங்கள் மூன்று மீட்டர் விழுந்தால் கயிறு அறுந்துபோகாது, உங்கள் முதுகெலும்புதான் போகும். ஏறுவதற்கென்று நெய்த கயிறு விழும்போது இழுபட்டு, வேகத்தை விழுங்கிக்கொள்ளும். புதுசு வாங்குங்கள். யாருடைய பழசையும் வாங்கவேண்டாம், அப்பாவுடையது உட்பட. அது எத்தனை வருடம் கொட்டகையில் கிடந்தது, அதன்மேல் என்ன சிந்தியது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கம்பியில் தொங்குவதை நிறுத்துங்கள். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும் கையால் ஏறுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். காலால்தான் ஏற வேண்டும். கை உங்களைப் பாறையோடு சேர்த்து வைப்பதற்கு மட்டும். முதல் மாதம் ஆள் உயரத்துக்கு மேல் போகாதீர்கள். பாறையின் அடியிலேயே பக்கவாட்டில் நடந்து பழகுங்கள். ஏறிய வழியிலேயே இறங்கவும் பழகுங்கள். ஷூவை மாற்றுங்கள். இறுக்கம் என்றால் விரல் லேசாக மடங்க வேண்டும், உடையக்கூடாது. ஹெல்மெட் இல்லாமல் பாறைக்கு அடியில் நிற்கக்கூட வேண்டாம்.

எட்டு எண் வடிவில் போடும் எட்டு முடிச்சை நூறு தடவை போடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நூறு. ஒவ்வொரு தடவையும் தரையை விட்டுக் கால் எடுப்பதற்கு முன்னால் நீங்கள் மார்லீஸ் அக்காவின் இடுப்புப் பட்டை, கொக்கியின் பூட்டு இரண்டையும் தொட்டுப் பாருங்கள், அவர் உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்கட்டும். பார்த்தால் போதாது, தொட வேண்டும். முப்பது வருடம் ஏறியவர்கள்தான் இதில் தவறுகிறார்கள். அப்பா ஒருநாளும் தவறியதில்லை. என் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டுவார். அதுதான் 'போ' என்பதற்கு அர்த்தம். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் போகாமல் விட்ட அடக்கம் ஒன்று இருக்கிறது. இன்னொன்று வேண்டாம், அவ்வளவுதான்.

கெசீனா

*

பாட் ஷான்டாவ்,
2 ஜூன் 2019

என் ஆசிரியை குருவிக்கு,

புதுக் கயிறு வாங்கியாயிற்று. நீல நிறம். படகுக் கயிற்றில் மார்லீஸ் துணி காயப்போடுகிறாள்.

நீ சொன்னபடி ஆள் உயரத்தில் பக்கவாட்டில் நடக்கிறேன். நேற்று அப்படி நடந்தே செக்கோஸ்லோவாக்கியா வரை போய்விட்டேன். அந்த நாடு இப்போது இல்லை என்றாள் மார்லீஸ். அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் பார். எட்டு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன். தூக்கத்தில் போட்டதில் காலையில் பைஜாமாவைக் கழற்ற முடியவில்லை.

போன வாரம் நாலு மீட்டர் உயரத்தில் கால் வழுக்கியது. மேலே போட்ட கயிறு, மார்லீஸின் பிடி. அரை மீட்டர்கூட விழவில்லை. ஆனால் குருவி, அந்த அரை மீட்டரில் நான் என் மொத்த வாழ்க்கையையும் பார்த்தேன். அதில் பாதி நான் கட்டிவிட்ட கதை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எனக்கே தெரியாமல் தொங்கினேன். "யோவ், சாகல, கண்ணத் தொற" என்றாள்.

தொங்கிய இடத்திலிருந்து ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பன் எழுந்து உட்காரவில்லை. பனி தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தவன், கண்ணே திறக்கவில்லை. இரண்டு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து படகுக் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எதுவும் பேசவில்லை. கடைசி வார்த்தை என்று ஒன்று கிடையாது. நர்சு ஒருத்திதான் இருந்தாள், அவளும் அழவில்லை. நல்ல பெண், என்னிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். புத்தகத்தையும் நான் பார்க்கவில்லை. உன் பெயர், சிவப்பு மை, மன்னிப்பு எல்லாம் நான் சமைத்தது. நீ வரவேண்டும் என்று சமைத்தேன்.

ஆனால் ஒன்று. போன செப்டம்பரில், முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டு, உன் பிறந்தநாள் அன்று காலையில் தோளில் பையோடு என் துறைக்கு வந்தான். "எங்கடா இந்தக் காலோட?" என்று கேட்டேன், அண்ணனை 'டா' போட்டு. "கொக்குக்கல். பழைய வழி. எடம் போட்டு வைக்கப் போறேன்" என்றான். யாருக்கு இடம், எதற்கு இடம் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு டிராம் சாரதியைப் பற்றி எனக்கு ஒரு பிரமாதமான கதை கிடைத்திருந்தது, அதைச் சொல்லிக்கொண்டே அக்கரையில் இறக்கிவிட்டேன். அவன் சிரிக்கக்கூட இல்லை.

இது நான் சமைத்தது இல்லை. ஆனால் நான் சொன்னால் எப்படி நம்புவாய்?

லோதார்

*

நாக்ஸ்கோவ்
30 ஜூன் 2019

சித்தப்பா,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் என்னை.

'என் பொண்ணுகிட்ட சொல்லு' என்று அப்பா சொன்னதாக நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை என்று சொன்னேன். பொய். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஓரத்தில் ஒரு துளி நம்பிக்கொண்டிருந்தேன். காற்றாலை மேல் தொங்கும்போது, எழுபது மீட்டர் உயரத்தில், அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். இப்போது அதுவும் இல்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்லாதீர்கள் சித்தப்பா, எடுக்கும்போது ரொம்ப வலிக்கிறது.

அடக்கத்துக்கு நான் வந்தேன். டிரெஸ்டன் ஸ்டேஷன் வரை. உங்கள் ஊர் ரயில் அதே நடைமேடையில் நின்றது, கதவு திறந்திருந்தது. கிளப் பதினோரு பேரும் வரிசையில் நிற்பார்கள், என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கதவு மூடியது. எதிர்ப்பக்க ரயிலில் ஏறித் திரும்பி வந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். எட்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

நான் கயிற்றில் உட்கார்ந்தேன். தெற்கு முகத்தில், இரண்டாவது முடிச்சுக்கு மேல், கை திறந்துகொண்டது. வளைவுக்குப் பின்னால் இருந்ததால் கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. கயிறு இறுகியது, மூன்று மூச்சு, மறுபடி ஏறினேன். அந்தக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். என் முழு எடையும் மூன்று மூச்சு நேரம் அவர் கையில் இருந்தது. அப்படியிருந்தும் நான் மேலே போய் 'ஓய்வெடுக்காமல்' என்று எழுதினேன். அவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதினேன். எனக்காக ஒரே ஒரு தடவை பொய்க்குத் துணை நின்றுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் போட்ட கோடு சரிதான். கோடு தப்பு என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை. அதற்குப் பிறகு ஏன் என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டவில்லை என்பதுதான் என் கேள்வி. இறங்கும்போது என் முடிச்சைச் சரிபார்த்தார். தட்டவில்லை.

'இடம் போட்டு வைக்க' என்று சொன்னது நிஜமா? பதில் எழுத வேண்டாம். எப்படி எழுதினாலும் நான் நம்பமாட்டேன். ஏறிப் பாருங்கள். இருப்பதை எழுதுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள்.

கெசீனா

*

பாட் ஷான்டாவ்,
22 செப்டம்பர் 2019

குருவி,

நேற்று உன் பிறந்தநாள். எல்லாம் தயார். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன் (இது மார்லீஸின் மாவுத் தராசு சொன்னது, நான் இல்லை). பழைய வழியில்தான், மார்லீஸ் முன்னால், நான் பின்னால் என்று ஏற்பாடு. கொக்குக்கல் அடிவாரத்தில் காலை எட்டு மணிக்கு நின்றேன்.

முந்தின நாள் முழுக்க மழை.

மேலே பார்த்தால் பாறை காய்ந்த மாதிரிதான் இருந்தது. மார்லீஸ் குனிந்து அடிப்பாறையை நகத்தால் சுரண்டினாள். நனைந்த சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. "இன்னிக்கி இல்ல" என்றாள்.

"வெளிய காஞ்சிருக்கே!"

"உள்ள காயல. முடிச்சத் திணிச்சா பாறை முடிச்சோட வரும்."

"இன்னிக்கிப் பொறந்தநாள், மார்லீஸ்."

"தெரியும்யா. எனக்கும் தெரியும்."

நான் கெஞ்சினேன். சண்டை போட்டேன். நெப்போலியன் காலத்தில் எங்கள் முப்பாட்டன் இதே பாறையில் வெள்ளத்தில் ஏறினான் என்றேன். அவள் அசையவில்லை. கடைசியில் இருவரும் அடிவாரத்தில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்திருந்த கேக்கைச் சாப்பிட்டோம். இந்தத் தடவை பிரித்தோம்.

போன வருடம் இதே நாளில் நொண்டிக்கொண்டாவது அங்கே ஒருவன் போனான். நேற்று அங்கே யாரும் இல்லை.

லோதார்

*

(தபால் அட்டை)

நாக்ஸ்கோவ், 25 செப்டம்பர்

மார்லீஸ் அக்கா சொன்னது சரி. மழை நின்று இரண்டு முழு நாள் வெயில் அடிக்கட்டும். வடக்குப் பக்கம் நிழலாக இருந்தால் மூன்று நாள். அவசரப்படாதீர்கள். எட்டு வருடம் தாமதமான விஷயம், ஒரு வாரம் பொறுக்கும்.

கேக்குக்கு நன்றி என்று அவரிடம் சொல்லுங்கள்.

கெ.

*

பாட் ஷான்டாவ்,
30 செப்டம்பர் 2019

என் குருவிக்கு,

ஏறிவிட்டேன்!

நேற்று, ஞாயிறு, காலை பத்தே காலுக்கு, உன் சித்தப்பன் கொக்குக்கல்லை வென்றான். அதன் உயரம் நானூறு மீட்டர். பாதியில் மேகம். இரண்டு கழுகுகள் வந்து என் ஹெல்மெட்டைப் பார்த்து, இது முட்டையா பாறையா என்று விவாதித்தன. பாறைப் பிளவுக்குள் முதுகை ஒரு சுவரிலும் காலை மறு சுவரிலும் கொடுத்து ஏறும்போது, வயிறு மாட்டிக்கொண்டது. கீழே எல்பேயில் போன பயணிகள் படகு நின்றது. அறுநூறு பேர் கைதட்டினார்கள். ஒரு பாட்டுக் குழு எனக்காக அங்கேயே ஒரு பாட்டு எழுதியது.

மார்லீஸ் முன்னால் போய் மேலிருந்து கயிறு பிடித்தாள். கிளம்பும் முன் நான் அவளுடைய கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன், அவள் என் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, குருவி. சத்தியமாகச் சொல்லவில்லை. அவளாகவே என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டினாள். "என்ன இது?" என்றேன். "சீக்மார்கிட்ட கத்துக்கிட்டது. நாங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

உச்சி ஒரு சாப்பாட்டு மேசை அகலம். இரும்புப் பெட்டி. மூடி இறுகிக் கிடந்தது. மார்லீஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

2011-ஐ முதலில் தேடினேன். இருக்கிறது. உன் வரி, அதன் மேல் கோடு, அடியில் 'உண்மையல்ல'. அழிக்கவில்லை. திருத்தவில்லை. அழிக்கிற ஆளா அவன்?

பிறகு 2012, செப்டம்பர் 21-ஐத் தேடினேன்.

இந்தப் புத்தகத்தில் எழுதும் முறை உனக்குத் தெரியும். முதல் வரி, முன்னால் ஏறியவர் பெயர். அதற்கு அடுத்த வரி, பின்னால் வந்தவர். இடம் வீணாக்க மாட்டார்கள். ஓரத்தில்கூட எறும்பு எழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேதிக்குக் கீழே முதல் வரி காலி. இரண்டாவது வரியில், ஊசிப் பென்சிலில், 'பின்னால்: சீக்மார்'. அவ்வளவுதான்.

2013. முதல் வரி காலி. 'பின்னால்: சீக்மார்'.

2014. 15. 16. 17. 18-இல் எழுத்து கொஞ்சம் நடுங்குகிறது. முதல் வரி காலி.

ஏழு காலி வரி, குருவி. ஏழு வருடத்தில் நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள், அந்த வரிகளில் ஒருவர் பென்சில்கூடப் படவில்லை. தனியாக ஏறியவன், முன்னால் யாரும் போகாதபோது, 'பின்னால்' என்று எதற்கு எழுத வேண்டும்? உன் பெயரை எழுதினால் பொய்யாகிவிடும். பொய் எழுத அவனுக்குக் கை வராது. அதனால் பெயரை எழுதவில்லை. இடத்தை மட்டும் விட்டுவைத்தான்.

"ஒனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள், திரும்பாமல்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்ல? ஏழு வருஷம்! பதினோரு பேர் இருக்கீங்க!"

"மேல எழுதினதக் கீழ..."

"நாசமாப் போச்சு ஒங்க விதி!"

"ஆமாய்யா" என்றாள். "நாசமாத்தான் போச்சு." அழுதாள். நான் பார்த்த முதல் மார்லீஸ் அழுகை. மாவு இல்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பென்சில் என் கையில் இருந்தது. நான் யார் என்று உனக்குத் தெரியும். காலியாக ஒரு இடம் கண்டால் கதை போட்டு நிரப்புகிறவன். ஏழு வரி, கெசீனா, கெசீனா என்று ஏழு தடவை எழுத ஒரு நிமிடம் ஆகாது. அவன் கையெழுத்துப் போலவே எழுத எனக்கு வரும். பள்ளிக்கூடத்தில் அவன் பெயரில் எத்தனை லீவு லெட்டர் எழுதியிருக்கிறேன். நீ வரும்போது உனக்குக் காட்டியிருக்கலாம். நீ வாழ்நாள் முழுக்க நம்பியிருப்பாய்.

எழுதவில்லை. முதல் தடவையாக ஒரு காலி இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு வந்தேன்.

நேற்றைய தேதிக்கு எங்கள் பெயரை மட்டும் எழுதினேன். 'முன்னால்: மார்லீஸ். பின்னால்: லோதார். கயிற்றில் உட்கார்ந்தது ஒன்பது தடவை.' மார்லீஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து" என்றாள். அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன்.

புத்தகம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இன்னும் இரண்டு பக்கம் மிச்சம். நவம்பரில் பனி வந்தபிறகு எடுத்துக்கொண்டு போய்க் கிளப் அலமாரியில் வைத்துவிடுவார்கள், புதுசு வைப்பார்கள். இந்த வாரம் முழுக்க வெயில் என்று ரேடியோ சொல்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

இந்தக் கதையை யாரும் நம்பமாட்டார்கள் என்று மார்ச் மாதம் ஆணையிட்டேன். ஆணையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கிறேன். கழுகு பொய். அது காக்கை, ஒன்றுதான். உயரம் முப்பத்திரண்டு மீட்டர். படகு நிற்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. பாட்டுக் குழு பொய். வயிறு மாட்டியது உண்மை, ஆனால் அதை நீ நம்பாதிருப்பதே நல்லது.

அந்த முதல் வரி காலியாக இருக்கிறது. ஏழு இடத்தில். அது மட்டும் நிஜம்.

லோதார் சித்தப்பா